இரண்டு தலைக்கு ஒரு சடை

செவந்தியக்காவும் லில்லியக்காவும் இனிமேல் சேர்ந்திருப்பதில்லை என்று முடிவெடுத்துப் படுத்த மறுநாள் காலையில், இருவருடைய தலைமுடியும் ஒரே சடையாகப் பின்னிக்கொண்டு கிடந்தது. செவந்தியக்காவின் பிடரியில் தொடங்கி லில்லியக்காவின் பிடரியில் போய் முடிந்தது. எது யாருடைய முடி என்று பிரித்துப் பார்க்க வழியில்லை, நுனி என்று ஒன்று இல்லவே இல்லை. அன்றைக்கு நல்ல தண்ணீர் வருகிற நாள். அதனால் அவர்கள் முதலில் ஆளுக்கொரு குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்கு வந்தார்கள், நாங்களும் முதலில் தண்ணீரைத்தான் பிடித்தோம், ஐந்து நாளைக்கு வேண்டியதைப் பிடித்து மூடி வைத்த பிறகுதான் வீட்டுக்குச் சொந்தக்காரரான தெய்வானையக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஏங்கண்ணு லில்லி, இதென்ன புதுசா இருக்குது?"

"தெரியலீங்கக்கா. எந்திரிச்சா இப்படி இருக்கு."

"எண்ணெய் வெச்சுப் பாத்தீங்களா?"

"பாத்தாச்சு."

தெய்வானையக்கா துணி வெட்டுகிற கத்தரிக்கோலைக் கொண்டுவந்து நடுவில் வெட்டினார். நறுக்கென்று வெட்டுப்பட்டது. அவர் கத்தரியை மாட்டிவிட்டுத் திரும்பி வருவதற்குள், வெட்டிய இரண்டு முனையும் ஒன்றையொன்று தேடிப் போய்ப் பழையபடி பின்னிக்கொண்டன. இன்னொரு தடவை வெட்டினார். இன்னொரு தடவை பின்னிக்கொண்டது. அதற்குள் கம்பெனி வேன் வந்து ஆரன் அடித்ததால், இருவரும் அப்படியே ஏறிப் போனார்கள்.

திருப்பூரில் சாயப்பட்டறைகளுக்குப் பின்னால் எங்கள் லைன் வீடு. எதிரும் புதிருமாக எட்டு வீடு, நடுவில் முற்றம், ஒரு குழாய், ஒரு துவைக்கிற கல், ஒரு வேப்பமரம். செவந்தியக்காவுக்கு உசிலம்பட்டிப் பக்கம், லில்லியக்காவுக்குத் திண்டுக்கல் பக்கம். பனியன் கம்பெனியில் ஒருவர் ஓவர்லாக் மெஷினில் தைக்கிறவர், மற்றவர் பேட்லாக் மெஷினில். ஒருவர் சேர்த்துத் தைத்ததை இன்னொருவர் மடித்துத் தைப்பார். பதினோரு வருஷமாக ஐந்தாம் நம்பர் வீட்டில் ஒன்றாக இருந்தார்கள். செவந்தியக்கா யாரென்று யாராவது கேட்டால் லில்லியக்கா "அக்கா" என்று சொல்லுவார். நாங்களும் கேட்கிறவர்களிடம் "அக்கா தங்கச்சி மாதிரி" என்றே சொல்லிவந்தோம். அந்த வீட்டில் ஒரே கட்டில்தான் இருக்கிறது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும், அந்தக் கட்டிலைச் சுமந்துகொண்டு வந்து இறக்கியதே எதிர்வீட்டுக்காரர்தான். ஆனாலும் அந்த 'மாதிரி' எங்களுக்கு வசதியாக இருந்தது, கொடியில் போட்ட துணியைப் போல அதை நாங்கள் எடுக்கவே இல்லை.

பிரிவதற்குக் காரணம் ஒரு கல்யாணம். லில்லியக்காவின் அண்ணன் மகள் கல்யாணத்துக்கு இருவரும் போயிருந்தார்கள். செவந்தியக்கா புதுப் பட்டு எடுத்து, பெண்ணுக்கு ஒரு ஜோடிக் கொலுசும் வாங்கி வைத்திருந்தார். கோயில் வாசலில் மாப்பிள்ளை வீட்டார் ஒருவர் "இவங்க யாரு?" என்று கேட்டிருக்கிறார். லில்லியக்கா எப்போதும் போல அக்கா என்றுகூடச் சொல்லவில்லை. அண்ணன் பக்கத்தில் நின்றிருந்ததால், "எங்கூட ரூம்ல தங்கியிருக்கவங்க" என்று சொல்லிவிட்டார். செவந்தியக்கா பந்தியில் உட்கார்ந்து முழுச் சாப்பாடும் சாப்பிட்டு, கை கழுவி, கொலுசைப் பெண்ணின் கையில் கொடுத்து, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பல்லடம் தாண்டிய பிறகு சொன்னாராம்: "ரூம்ல தங்கியிருக்கவ காலி பண்ணிக்கிறேன் லில்லி."

ஒரு மாதம் பேசிப் பார்த்தார்கள். லில்லியக்கா அழுதார், மன்னிப்புக் கேட்டார், ஆனால் அண்ணனிடம் போய் அந்த வார்த்தையை மாற்றிச் சொல்ல மட்டும் அவரால் முடியவில்லை. பிறகுதான் முடிவெடுத்தார்கள். பிறகுதான் சடை.

கம்பெனியில் சூப்பர்வைசர் இரண்டு மெஷினையும் முதுகோடு முதுகாகத் திருப்பிப் போட்டுக் கொடுத்தார், துணி ஓடுகிற பக்கம் சடை மாட்டாமல் இருக்க மேலே ஒரு கொக்கி அடித்தார், அதோடு அவர் அதை மறந்தும் போனார். பஸ்ஸில் கண்டக்டர் ஒரு டிக்கெட்டா இரண்டு டிக்கெட்டா என்று ஒரே ஒரு நாள் யோசித்தார். பார்லர் வைத்திருக்கிற பெண் வந்து பார்த்துவிட்டு, "முடி நல்ல முடிங்கக்கா, பூச்சி இல்ல, பேன் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனது.

செவந்தியக்கா பிடிவாதக்காரர். சடை இருந்தால் இருக்கட்டும் என்று ரயில்வே பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ரூம் பிடித்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். சடை அவரைத் தடுக்கவில்லை. அவர் ஓரடி வைத்தால் அதுவும் ஓரடி வளர்ந்தது. லைன் வாசலைத் தாண்டி, மாவு மில் தாண்டி, பனியன் வேஸ்ட் குடோன் தாண்டி, பாலத்தின் கைப்பிடிச் சுவர் மேலேயே ஊர்ந்து, அந்தப் பக்கத்து மாடிப்படி ஏறி அவருடைய புது ரூமுக்குள் போய் நின்றது. அரை மைல் இருக்கும். கறுகறுவென்று, ஒரு இடத்தில்கூட மெலியாமல், கை மொத்தத்துக்கு.

முதல் இரண்டு நாள் சைக்கிள்காரர்கள் அதில் தடுக்கினார்கள். பிறகு லைன்மேன் ஒருவர் தானாகவே வந்து, கரண்டு கம்பியில் படாதபடி பழைய டியூப் சுற்றி, போஸ்டுக்குப் போஸ்டு தூக்கிக் கட்டிவிட்டார். அதற்குப் பிறகு அது யாருக்கும் இடைஞ்சலாக இல்லை. குடோன்காரர்கள் ஈரச் சாக்கைப் போட்டார்கள். மாவு மில்காரர் துண்டைப் போட்டார். எங்கள் முற்றத்தில் வேப்பமரத்திலிருந்து வாசல்வரை ஓடிய பாகத்தில், எட்டு மாதக் குழந்தை வைத்திருக்கிறவள் என்பதால், எல்லோரையும்விட அதிகமாக நான்தான் துணி போட்டேன். என் பாப்பா மித்ராவின் சட்டை, தொட்டில் துணி, இடுப்புத் துணி எல்லாம் அதில் காய்ந்தது. நைலான் கொடியைவிட அதில் சீக்கிரம் காய்ந்தது, வெயில் இல்லாத நாளிலும் உள்ளுக்குள் ஒரு சூடு இருந்தது. சில நாள் மட்டும் சாயங்காலம் வரை துணி சொட்டச் சொட்ட ஈரமாகவே இருக்கும், கிளிப் எல்லாம் தானாக நடுங்கிக் கழன்று விழும். அன்றைக்கு யாரோ ஒருவர் அழுதிருக்கிறார் என்று நாங்கள் தெரிந்துகொள்வோம். எந்தப் பக்கம் என்று தெரியாது.

ஆனால் அவர்களுக்கு வலித்தது. லில்லியக்கா துவைக்கக் குனிந்தால் பாலத்துக்கு அந்தப் பக்கம் செவந்தியக்காவின் தலை பின்னால் இழுபட்டது. செவந்தியக்கா தூக்கத்தில் புரண்டால் லில்லியக்கா இங்கே விழித்துக்கொண்டார். மூன்றாவது வாரம் செவந்தியக்கா வந்து முற்றத்தில் நின்றார்.

"இது இப்படித் தீராது. முறைப்படி அத்து விடணும்."

லில்லியக்கா, "அதுக்கெல்லாம் முறை இருக்கா நமக்கு?" என்றார்.

"இருக்கோ இல்லையோ. பிரிஞ்சோம்னு நாலு பேரு முன்னாடி சொல்லிட்டுப் போகணும் எனக்கு. இல்லாட்டி பதினோரு வருசம் நான் எங்க இருந்தேன்? லாட்ஜ்லயா?"

கோர்ட்டுக்கு எதிரே டீக்கடை மாடியில் இருந்த வக்கீலிடம் போனார்கள். அவர் நல்ல மனிதர், காப்பிகூட வாங்கிக் கொடுத்தார். "கட்டுனதுக்கே காகிதம் இல்லீங்களே, அறுக்கறதுக்கு நான் எந்தக் காகிதத்துல எழுதறது?" என்று கேட்டு, மாடிப்படி வரை வந்து வழியனுப்பினார்.

அப்போதுதான் ராக்கப்பன் மாமாவைக் கூப்பிட்டார்கள். அவர் நூல் குடோனில் லோடு இறக்குகிறவர். தெக்கத்திக்காரர்கள் புருஷன் பெண்டாட்டிக்குள் ஒத்துவராமல் போனால் போலீசு, கோர்ட்டு என்று போகாமல் அவரிடம்தான் வருவார்கள். அவர் மூன்று தடவை சேர்ந்திருக்கச் சொல்லிப் பார்ப்பார், கேட்காவிட்டால் சாமான்களைப் பங்கு பிரித்து, ஒரு சாட்சியை வைத்துக்கொண்டு, ஒரு வைக்கோல் துரும்பைக் கிள்ளி ஆளுக்குப் பாதி கையில் கொடுத்து அத்து விடுவார். அவர் கிள்ளிய துரும்பு அதுவரைக்கும் பொய்த்ததில்லை.

"ரெண்டு பொம்பளைக்கு நான் செஞ்சதில்ல" என்றார் மாமா, பால்காரரிடம் வாங்கிவந்த வைக்கோலைக் காதில் சொருகிக்கொண்டு. "துரும்புக்கு அது தெரியாதுன்னு வெச்சுக்குவோம். உக்காருங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை எட்டு வீடும் முற்றத்தில் இருந்தது. மாமா மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் செவந்தியக்கா வேண்டாம் என்றார். பிறகு சாமான். கட்டில் லில்லிக்கு, கிரைண்டர் செவந்திக்கு, டிவி லில்லிக்கு, மிக்சி செவந்திக்கு என்று மளமளவென்று போனது. கடைசியாக ஒரு பெரிய எவர்சில்வர் தட்டு மட்டும் மிஞ்சியது.

"தட்டு யாருக்கு?"

மாமா தட்டைத் தூக்கித் திருப்பிப் பார்த்தார்.

"ஒத்தத் தட்டுத்தான் இருக்கு. மத்ததெல்லாம் எங்க? எதுல சாப்பிட்டீங்க இத்தன வருசம்?"

"அத விடுங்கண்ணே" என்றார் செவந்தியக்கா. மாமா அதைத் தள்ளி வைத்தார்.

"இப்ப ரெண்டு கேள்வி. செவந்தி, இவ உனக்கு யாரு?"

செவந்தியக்கா லில்லியக்காவைப் பார்த்தார். "அவ மொதல்ல சொல்லட்டும்."

"லில்லி, இவ உனக்கு யாரு?"

எட்டு வீடும் பார்த்துக்கொண்டிருந்தது. தெருவில் போகிறவர்கள் இரண்டு பேர் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். லில்லியக்கா முந்தானையை விரலில் சுற்றினார், அவிழ்த்தார், சுற்றினார்.

"அக்கா" என்றார்.

செவந்தியக்கா தலையைக் குனிந்துகொண்டார். "சாட்சி யாரு?" என்று மாமா கேட்டதும் தெய்வானையக்கா எழுந்து, "அக்கா தங்கச்சி மாதிரி ஒத்துமையா இருந்தாங்க, நான் பாத்திருக்கேன்" என்றார். நாங்களும் தலையை ஆட்டினோம். நானும்தான் ஆட்டினேன். மாமா துரும்பைக் கிள்ளினார்.

சடை பிரியவில்லை. மாறாக, அன்றைக்கு மதியத்திலிருந்து அது சுருங்க ஆரம்பித்தது.

ஒரு நாளைக்கு நாலைந்து போஸ்டு தூரம் சுருங்கியது. கொடியில் கிடந்த துணிகள் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக நெருங்கிக்கொண்டு, மாவு மில்காரரின் துண்டு குடோன் சாக்கோடு சேர்ந்துகொண்டு எங்கள் வாசலுக்கு வந்தது. செவந்தியக்கா பின்பக்கமாகவே இழுபட்டு வந்தார். ரூமிலிருந்து மாடிப்படிக்கு, மாடிப்படியிலிருந்து பாலத்துக்கு. ஒரு ராத்திரி பூராவும் அவர் பாலத்தின் மேல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், கீழே ரயில் போய்க்கொண்டே இருந்தது, லில்லியக்கா இங்கே கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு, அவரை இழுத்துவிடாமல் இருக்க, மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டிருந்தார். நான் லில்லியக்காவுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். "எனக்கு வேணாம் மித்ரா அம்மா" என்றார். "அவங்களுக்குக் கொண்டுபோய்க் குடு. மெதுவாப் போ. சடையில கை படாமப் போ."

சனிக்கிழமை இருவரும் முற்றத்துக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள். முதுகோடு முதுகாக. ஒரு சாண் சடைதான் மிச்சம், அதுவும் இழுத்துப் பிடித்ததில் இருவருடைய கண்ணும் மேலே ஏறியிருந்தது. உட்காரலாம், நிற்கலாம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மட்டும் முடியாது.

மாமா வந்து பார்த்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"நான் கிள்ளுனது பொய்யின்னு ஆயிப்போச்சு. துரும்புகிட்ட நீங்க யாரோ பொய் சொல்லியிருக்கீங்க."

மாமா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"ரெண்டு அக்கா தங்கச்சியப் பிரிக்க என்னால ஆகாது. யாராலயும் ஆகாது. அது பொறப்புல வர்றது. சேந்தவங்களைத்தான் நான் பிரிக்க முடியும். இவங்க சேந்தவங்கன்னு சொல்ல இங்க ஒரு ஆளு வேணும். இல்லேன்னா நாளைக்கு மண்டையோட மண்டை முட்டிரும், என்னையக் கூப்பிடாதீங்க."

தெய்வானையக்கா குழாயைப் பார்த்தார். எதிர்வீட்டுக்காரர் செருப்பைப் பார்த்தார். எங்கள் வீட்டுக்காரர் காதோரம், "நமக்கெதுக்கு, உள்ள வா" என்றார். நான் எழுந்தேன், உள்ளே போவதற்குத்தான் எழுந்தேன். மித்ரா இடுப்பில் இருந்தாள். அவள் கையை நீட்டி அந்த ஒரு சாண் சடையைப் பிடித்துக்கொண்டாள். விடுவிக்கப் பார்த்தேன், விடவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறந்தவள் இல்லை.

"நான் பாத்திருக்கேன்" என்றேன்.

"சத்தமாச் சொல்லு தாயி."

"காலையில பாப்பாவுக்குப் பால் குடுக்க எந்திரிப்பேங்க. பின்னாடி துவைக்கிற கல்லுகிட்ட லில்லியக்கா பக்கெட்டைக் கவுத்துப் போட்டு உக்காந்து செவந்தியக்காவுக்குச் சடை போடுவாங்க. போட்டு முடிச்சதும் அவுத்துருவாங்க. மறுபடி போடுவாங்க. மறுபடி அவுத்துருவாங்க. வேன் வர்ற வரைக்கும் அப்படித்தான்."

நான் மித்ராவை இடுப்பில் ஏற்றி வைத்துக்கொண்டேன்.

"அப்புறம் அந்தத் தட்டு. சண்டை வந்துச்சுன்னா ரெண்டு பேரும் பேசிக்க மாட்டாங்க. நாலு நாள்கூடப் பேச மாட்டாங்க. ஆனா சோத்த அந்தத் தட்டுலதான் போட்டு, நடுவுல விரலால கோடு கிழிச்சு, இந்தப் பக்கம் இவங்க அந்தப் பக்கம் அவங்கன்னு சாப்பிடுவாங்க. எங்க வீட்டுச் செவுத்துக்கு மேல சந்து இருக்குதுங்க, அட்டைக் கூரைக்குக் கீழ. நான் பாத்திருக்கேன். கோடு கொஞ்ச நேரத்துல அழிஞ்சிரும். அக்கா தங்கச்சின்னா வேற தட்டு எடுத்திருப்பாங்க. அவங்க குடும்பம் நடத்துனாங்க. நான் போன வாரம் தலையாட்டுனது தப்பு."

அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரிந்தது. மித்ராவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துக்கொண்டு நான் வேப்பமரத்தடியில் போய் நின்றேன். வீட்டுக்காரர் என்னைப் பார்க்கவில்லை, ஆனால் குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டார்.

மாமா வைக்கோலைக் கையில் எடுத்தார். "லில்லி. இவ உனக்கு யாரு?"

லில்லியக்கா நேராக எங்களைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார், செவந்தியக்காவுக்கு அவர் முதுகுதான். வேப்பம்பூ உதிர்ந்துகொண்டிருந்தது, யாரும் தட்டிவிடவில்லை.

"என் வீட்டுக்காரி" என்றார்.

பிறகு நிறுத்த முடியாதவர் போல, மெல்லச் சொல்லிக்கொண்டே போனார். "இருபத்தாறு வயசுல வந்தேன். டைபாய்டுல கெடந்தப்ப என்னைத் தூக்கிச் சொமந்தவ. என் கட்டில்ல படுத்தவ. எங்கம்மா சாவுக்கு என்கூட வந்து, வெளிய செருப்புக்கிட்ட நின்னவ. என் வீட்டுக்காரி. நான்தான் சொல்லல."

செவந்தியக்காவின் முகம் மாறியது. நாங்கள் எல்லோரும் பார்த்தோம். பதினோரு வருஷமும் அந்த ஒரு மாதமும் அந்த அரை மைலும் அவருடைய முகத்திலிருந்து வடிந்து போயிற்று. அவர் திரும்பப் பார்த்தார், சடை விடவில்லை. கையைப் பின்னால் துழாவி லில்லியக்காவின் கையைப் பிடித்தார். வாயைத் திறந்தார். வேண்டாம், இருக்கட்டும், துரும்பைக் கிள்ள வேண்டாம் என்றுதான் சொல்லப்போகிறார் என்று நான் நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஆனால் மாமா பழக்கப்பட்ட கைக்காரர். கேள்விக்குப் பதில் வந்ததும் அவருடைய விரல்கள் தானாகக் கிள்ளிவிட்டன.

சத்தமே இல்லாமல் சடை விட்டது. உள்ளே சுருங்கிப் போயிருந்த அரை மைலும் ஒரேயடியாக முற்றத்தில் வந்து விழுந்து, முழங்கால் உயரத்துக்குச் சுருள் சுருளாக நிறைந்தது. இருவர் தலையிலும் தோள் வரைக்கும் அவரவர் முடி இருந்தது. அதற்குள் கால் புதைய நின்றபடி அவர்கள் திரும்பி ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"இத அன்னைக்கே கோயில் வாசல்ல சொல்லியிருந்தா" என்றார் செவந்தியக்கா.

"சொல்லியிருந்தா?"

"ரசம் ஊத்தறப்ப ரெண்டாவது தடவை சோறு வாங்கியிருப்பேன். எனக்குப் பசிச்சுச்சு லில்லி அன்னைக்கு."

மாமா தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கிள்ளிய துரும்பை ஒட்டவைக்கிற முறை அவருக்குத் தெரியாது. ஆளுக்குப் பாதியாக நீட்டினார். இருவரும் வாங்கிக்கொண்டார்கள். வாசலில் போய், ஆளுக்கொரு பக்கம் தூக்கிப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போக வேண்டும் என்பது முறை. செவந்தியக்கா பாலத்துப் பக்கம் போனார். லில்லியக்கா எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, மாவு மில்லைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கே திரும்பி வந்தார். அடுத்த மாதம் காலி செய்தார். கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு மில் ஹாஸ்டலில் இருப்பதாகக் கேள்வி. செவந்தியக்கா ஈரோடோ கரூரோ. துரும்பை இருவரும் தூக்கிப் போடவில்லை, முந்தானையில் முடிந்துகொண்டு போனார்கள் என்று எதிர்வீட்டுக்காரர் சொல்கிறார். எனக்குத் தெரியாது, நான் அப்போது அழுதுகொண்டிருந்தேன்.

தட்டு எங்கள் வீட்டில் இருக்கிறது. அதில் யாரும் சாப்பிடுவதில்லை, கழுவி மட்டும் வைப்பேன்.

சடையை என்ன செய்வது என்று இரண்டு நாள் பேசினார்கள். சவுரி வியாபாரி ஒருவர் வந்து எடைக்குக் கேட்டார். தெய்வானையக்கா, "அது குடும்பச் சொத்துங்க, விக்கறதுக்கில்ல" என்று அனுப்பிவிட்டார். பிறகு வேப்பமரத்துக்கும் வாசலுக்குமாக எட்டு வரிசை இழுத்துக் கட்டினோம், எட்டு வீட்டுக்கும் எட்டுக் கொடி. புதிதாகக் குடிவருகிறவர்கள் கேட்பார்கள், இது யாருடைய முடி என்று. "அஞ்சாம் நம்பர்ல செவந்தி லில்லின்னு ஒரு குடும்பம் இருந்துச்சுங்க, அவங்களுது" என்று தெய்வானையக்கா துணியைப் பிழிந்துகொண்டே சொல்வார். மாதிரி என்று யாரும் சொல்வதில்லை. ஒரு நாளைக்கு நாலு தடவையாவது அந்தப் பேச்சு வருகிறது, கேட்கத்தான் இரண்டு பேரும் இல்லை.

மித்ராவுக்கு இப்போது ஆறு வயது. போன புரட்டாசியில் அவளுடைய யூனிபார்மைக் காயப்போடும்போது பார்த்தேன், வேப்பமரத்துப் பக்கம் சடையில் ஒரு இழை வெளுத்திருந்தது. வாசல் பக்கம் போய்ப் பார்த்தேன், அங்கே இன்னும் கறுப்புத்தான். பொங்கலுக்குள் அந்தப் பக்கமும் ஒன்று வந்துவிட்டது. இரண்டு நரையும் இரண்டு கோடியிலிருந்து, அவசரப்படாமல், நடுவைப் பார்த்து வந்துகொண்டிருக்கின்றன. வெள்ளிக்கிழமை தோறும் நான் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஏறி நின்று, எட்டுக் கொடிக்கும் எண்ணெய் வைக்கிறேன்.